மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவதில்லை

எல்க் என்பது பெரிய மான் இனம். வளர்ந்த ஆண் எல்க் ஒன்று 300 கிலோவைத் தாண்டும். தோல், குடல், குளம்பு எல்லாம் போக, நான்கு கால்களையும் எலும்போடு எடுத்து, முதுகுக்கறி, கழுத்துக்கறி, விலாக்கறி என்று வழித்தெடுத்தால் 110-லிருந்து 130 கிலோ வரை நிற்கும். பின்தொடை ஒன்றே 25, 30 கிலோ. அத்தனையையும் 10,000 அடி உயரத்தில், வண்டிப் பாதையே இல்லாத காட்டிலிருந்து முதுகில் சுமந்துதான் வெளியே கொண்டுவர வேண்டும்.

இந்த அக்டோபர் கடைசியில் நாங்கள் மூன்று பேர் கொலராடோ மலைக்காட்டுக்கு எல்க் வேட்டைக்குப் போகிறோம். மூவருக்கும் இதுதான் முதல் முறை. பனிக்காலத்தில் ஆரம்பித்த பேச்சு கோடை முடியும்வரை வந்துவிட்டது. எந்த ரைஃபிள், எந்தக் கூடாரம், எந்த மலை என்று எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்த எடைக் கணக்கில்தான் வந்து நிற்கிறோம். கறியை எப்படி வெளியே கொண்டுவருவோம் என்பதற்குப் பதில் இல்லாத இடத்தில் சுட நமக்கு உரிமை இல்லை. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. சட்டமும் அப்படித்தான்: உண்ணக்கூடிய கறியைக் காட்டில் வீணாக விட்டுவருவது இங்கே குற்றம். ஆகவே எங்கே சுடுவது என்பதற்கு முன்னால், எங்கே சுடக்கூடாது என்பதை முடிவு செய்ய உட்கார்ந்தோம்.

மூவரைப் பற்றி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் தென்காசிப் பக்கம். டென்வருக்கு வந்து குடும்பத்தோடு தங்கிவிட்டவன், கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். இரண்டாமவர் மதுரைக்காரர், என்னைவிட மூத்தவர், குடியுரிமை வாங்கிவிட்டார். மூன்றாமவர் திருச்சித் தம்பி, எச்-1பி விசாவில் இருக்கிறார். இந்த விசா விஷயத்தை இங்கே வேட்டைக்குக் கிளம்ப நினைக்கும் நம்மவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. அது இல்லாமல் நண்பரின் ரைஃபிளை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதுகூட வம்பில் கொண்டுபோய் விடலாம். கிரீன் கார்டு விண்ணப்பம் நடுவழியில் இருக்கும் நேரத்தில் சின்னச் சந்தேகத்துக்கும் இடம் கொடுக்க வேண்டாம் என்று தம்பி ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, இந்த வருஷம் துப்பாக்கியே தொடாமல் வருவதாகச் சொன்னார். சமைப்பது, பாதை பார்ப்பது, சுமப்பது அவர் பங்கு. அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது யோசித்தால், எங்கள் திட்டத்திலேயே முக்கியமான ஆள் அவர்தான்.

ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, "ஏல, கோயில்ல கிடா வெட்டும்போது பின்னால போயி ஒளிஞ்சுக்கிடுவ. இப்ப நீயே சுடப்போறேன்னு சொல்லுத?" என்றாள். பாவம் இல்லையா என்பதுதான் அவள் உண்மையில் கேட்டது. என் பதில் இன்றும் அதேதான். வாரத்துக்கு இரண்டு நாள் கறி எடுக்கிற வீடு எங்களுடையது. அந்த உயிர் எங்கே நின்றது, எதைத் தின்றது, எப்படி விழுந்தது என்று ஒருமுறையாவது முழுதாகத் தெரிந்துகொண்டு, அதன் வேலை முழுவதையும் என் கையால் செய்துவிட்டுச் சாப்பிட வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு வழியில்லை. அங்கே அது சரியும்கூட. இங்கே நிலைமை வேறு.

எவ்வளவு வேறு என்பதற்கு இந்த எல்க்கின் கதையே போதும். 1900-களின் தொடக்கத்தில் கொலராடோவில் சில நூறிலிருந்து ஆயிரம் எல்க்தான் மிச்சம் இருந்தன என்று கணிக்கிறார்கள். சுரங்க ஊர்களுக்குக் கறி விற்பதற்காகச் சுட்டே தீர்த்திருந்தார்கள். பிறகு வேட்டையை நிறுத்தி, வயோமிங்கிலிருந்து எல்க்குகளைக் கொண்டுவந்து விட்டு வளர்த்தார்கள். இன்று இந்த மாநிலத்தில் சுமார் 2,80,000 எல்க் இருக்கின்றன. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை கிடையாது. ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாவுக்கும் 1937-ம் ஆண்டு பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி விதிக்கும் 11 விழுக்காடு வரியும் வேட்டை உரிமக் கட்டணமும்தான் காட்டுயிர்த் துறையைப் பெருமளவு நடத்துகின்றன. ஒவ்வொரு யூனிட்டிலும் (மாநிலத்தை வேட்டைக்காகப் பிரித்த பகுதி) எத்தனை இருக்கிறது, எத்தனை எடுக்கலாம் என்று கணக்குப் பார்த்துத்தான் விதிகளை வகுக்கிறார்கள். வடமேற்குக் கொலராடோவில் 2022-23 குளிர்காலத்தில் கொட்டிய பனியில் எல்க்குகள் பெருமளவு மடிந்தபோது உரிமங்களைக் குறைத்தார்கள். அந்த நேர்மைமேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் அந்த மலை யாருடையது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் போவது வடமேற்கில் உள்ள ஃபிளாட் டாப்ஸ் பகுதி. ஒரு பக்கத்து அடிவார ஊர் மீக்கர். யூட் பழங்குடி மக்களை உழவர்களாக்கியே தீருவது என்று அவர்களின் குதிரைகள் மேய்ந்த நிலத்தை உழவைத்த அரசு முகவரின் பெயர் அது. 1879-ல் அவர் கொல்லப்பட்டார். அதைக் காரணமாக்கி, 1881-ல் வைட் ரிவர் யூட் மக்களை இன்றைய யூட்டா மாநிலப் பகுதிக்கு விரட்டினார்கள். நாங்கள் உரிமச் சீட்டோடு நடக்கப்போகிற அதே சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக எல்க் வேட்டையாடியவர்கள் அவர்கள். மதுரைக்காரருக்கு இதைச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

உரிம விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைக் கல்விச் சான்றிதழ் இல்லாமல் கொலராடோவில் உரிமம் வாங்க முடியாது. குலுக்கலில் கிடைக்கும் உரிமங்களுக்கு விண்ணப்பிக்க ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை கடைசி நாள். அக்டோபர் கடைசியில் வரும் இரண்டாம் ரைஃபிள் பருவத்துக்குப் பல யூனிட்களில் ஆண் எல்க் உரிமம் கடையிலேயே நேரடியாகக் கிடைக்கிறது. எனக்கு அது. மதுரைக்காரருக்குக் குலுக்கலில் பெண் எல்க் உரிமம் விழுந்தது. ஒருவரின் உரிமத்துக்கு இன்னொருவர் சுடக் கூடாது. பெரும்பாலான யூனிட்களில் ஆண் எல்க் என்றால் ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளையாவது இருக்க வேண்டும். அல்லது நெற்றிக் கிளை ஐந்து அங்குலம் இருக்க வேண்டும். எண்ண முடியாத தூரத்தில் நின்றால் சுடாமல் விட வேண்டியதுதான்.

செப்டம்பரில் வில்லோடு போகலாமே என்று பலர் கேட்டார்கள். ஆண் எல்க்குகள் துணை தேடிக் கூவும் மாதம் அது, மலையே எதிரொலிக்கும். ஆசைதான். ஆனால் வில்லுக்கு 30, 40 கெஜத்துக்குள் போக வேண்டும், அதற்குப் பல வருஷக் கை வேண்டும். பகல் வெயிலும் செப்டம்பரில் கறிக்கு எதிரி. அக்டோபர் கடைசியில் இரவில் உறைபனி விழும், கறி தாங்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே கூவலை விட்டுக்கொடுத்தோம்.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. மேலே டிராப்பர்ஸ் லேக் என்று ஓர் ஏரி. 1919-ல் வனத்துறை ஆர்தர் கார்ஹார்ட் என்ற இளைஞரை அனுப்பி, அதைச் சுற்றிக் கோடை வீடுகளுக்கு மனை அளந்துவரச் சொன்னது. அவர் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே சாலையும் வேண்டாம் வீடும் வேண்டாம், இப்படியே விட்டுவிடுங்கள் என்று எழுதினார். அவர் பேச்சு எடுபட்டது. 1964-ல், காட்டை மனிதக் கைபடாமல் அப்படியே விட்டுவைக்கும் வில்டர்னஸ் சட்டம் வந்தது. 1975-ல் ஃபிளாட் டாப்ஸின் 2,35,000 ஏக்கர் அதன்கீழ் வந்தது. அங்கே மோட்டார் வண்டி மட்டுமல்ல, சைக்கிள் உட்படச் சக்கரம் வைத்த எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை. கறி தள்ளிக்கொண்டு வர வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டிக்கும் சேர்த்துத்தான். அந்த மனிதர் ஏரியைக் காப்பாற்றிக் கொடுத்தார். சுமை எங்கள் முதுகுக்கு வந்தது. மனதாரச் சுமக்கிறோம்.

எந்த யூனிட், எந்தச் சரிவு என்பதை இங்கே யாரும் பொதுவில் எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை. என்ன தேடினோம் என்பதைச் சொல்லலாம். கூடல் பருவம் முடிந்து களைத்துப்போன ஆண் எல்க்குகள் அக்டோபர் கடைசியில் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, தீனியும் தண்ணீரும் மறைவும் பக்கம் பக்கமாக இருக்கிற மூலைகளில் ஒடுங்கிக் கிடக்கும். வடக்குப் பார்த்த சரிவு, ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் அடர்ந்த காடு, சரிவின் நடுவே படி வெட்டினாற்போல ஒரு சின்னச் சமதளம். வரைபடத்தில் உயரக் கோடுகள் திடீரென்று இடைவெளி விட்டு மறுபடி நெருங்கும் இடங்களை மதுரைக்காரர் இரவெல்லாம் உட்கார்ந்து குறித்தார்.

வரைபடம் சொல்லாததைக் கால்தான் சொன்னது. ஜூலையில் அப்படிக் குறித்த ஓர் இடத்துக்குப் போனோம். பாதையிலிருந்து ஒரே ஒரு கிலோமீட்டர். ஆனால் ஸ்புரூஸ் வண்டு அரித்துக் காய்ந்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து, தொடை உயரத்துக்கு அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஏறி, காலைத் தூக்கிப் போட்டு, அடுத்ததன் கீழே குனிந்து போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதுகில் தண்ணீர் பாட்டிலும் சாப்பாடும் மட்டும்தான். போய்ச் சேர்ந்த இடம் அருமையான இடம். ஊற்றுத் தண்ணீர் கசிந்து ஒரு கறுப்புச் சேற்றுக் குழி. ஓரத்தில் காய்ந்த சேற்றில் என் உள்ளங்கை அளவு குளம்புத் தடங்கள், அதில் ஒட்டிய முரட்டு மயிர், மாட்டுத் தொழுவமும் கவிச்சியும் கலந்த ஒரு நெடி. பக்கத்து இளம் ஸ்புரூஸில் போன வருஷம் கொம்பு உரசிய வடு, நெஞ்சு உயரத்தில் பிசின் வழிந்து காய்ந்திருந்தது. அங்கே கை வைத்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. எல்க் இங்கே இருக்கிறது. தம்பி சேற்றுக் குழியைப் பார்க்கவில்லை. வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, ஒரு தொடையைத் தூக்கிக்கிட்டு இதுல எப்படிப் போறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். ஆளுக்கு ஒரு நடைக்கு 25 கிலோ, மிஞ்சிப்போனால் 30. அதற்குமேல் அந்த உயரத்தில் முழங்கால் தாங்காது, விழுந்தால் எழ முடியாது. கறிக்கு ஐந்து சுமை, தலைக்கு ஒன்று; ஆக மூன்று பேருக்கு இரண்டு நடை. கறி கிடக்கும் இடம் வண்டியிலிருந்து 3 கிலோமீட்டர் என்றால் சுமையோடு மூன்று, வெறுமனே திரும்ப மூன்று, மறுபடி சுமையோடு மூன்று: ஒன்பது கிலோமீட்டர். நல்ல பாதையில் ஒரு நாள் வேலை; மரம் விழுந்த காட்டில் ஒன்றரை நாள். 5 கிலோமீட்டர் என்றால் பதினைந்து. 8 கிலோமீட்டர் என்றால் இருபத்து நான்கு, அதாவது கறி மூன்று நாள் காட்டில் கிடக்கும். பிறகு கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வர இன்னொரு நடை. வரைபடத்தில் வண்டி நிற்கும் இடத்தை மையமாக வைத்து மூன்று கிலோமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டோம். விழுந்த மரங்கள் இருக்கும் பக்கம் அந்தக் கோடு ஒன்றரைக்கு உள்வாங்கும். அந்தச் சேற்றுக் குழியும், பாதை நடை, மரம் தாண்டல் எல்லாம் சேர்த்துக் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

வேட்டை பற்றிப் பேசுகிற பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள்: உள்ளே போ, இன்னும் உள்ளே போ, மற்றவன் கால் படாத இடத்தில்தான் எல்க் இருக்கும். குதிரை வைத்திருப்பவருக்கும், இருபது வருஷம் இதையே செய்து உரமேறிய ஆளுக்கும் அது சரி. முதல்முறை போகிற, மேஜைமுன் வேலை பார்க்கிற மூன்று பேருக்கு அது தவறான அறிவுரை என்பது என் அழுத்தமான கருத்து. சாலைக்கும் முதல் மேட்டுக்கும் நடுவே, எல்லோரும் அவசரமாகக் கடந்துபோகும் செங்குத்துப் பள்ளங்கள் இருக்கின்றன. அங்கேயும் எல்க் படுக்கும். மாநிலம் முழுக்கப் பார்த்தாலே எல்க் வேட்டைக்குப் போகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. வெறுங்கையோடு திரும்ப நாங்கள் தயார். சுட்டுவிட்டுக் கெடவிட்டுத் திரும்பத் தயாரில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, சின்ன வயதிலிருந்து எல்க் வேட்டைக்குப் போனவர். முழங்கால் அறுவைக்குப் பிறகு விட்டுவிட்டார். அவரிடம்தான் நிறையக் கற்றோம். குதிரை வைத்துக் கறி இறக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நேஷனல் ஃபாரஸ்டில், அதாவது மத்திய அரசின் காட்டில், கூலிக்கு அதைச் செய்ய அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும், பருவத்துக்கு முன்பே பேசி வைக்க வேண்டும், சுட்ட பிறகு தேடினால் கிடைக்க மாட்டார்கள் என்று சொன்னார். ஒருவரிடம் பேசி எண் வாங்கி வைத்திருக்கிறோம், கடைசிக் கைவசமாக. அதைவிட முக்கியமாக அவர் சொன்னது பின்தொடையைப் பற்றி. வெளியே உறைபனி விழுந்தாலும், தொடையெலும்பை ஒட்டிய சூடு தோலும் சதையும் மூடியிருந்தால் வெளியேறாது. உள்ளிருந்தே புளித்துக் கெட்டுப்போகும். அதனால் விழுந்த உடனே தோலை உரித்து, கால்களைப் பிரித்து, காற்றோட்டமான துணிப் பைகளில் போட்டு, நிழலில் தொங்கவிட வேண்டும். படம் எடுத்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

வயிற்றைக் கிழிக்காமலே செய்யும் முறை ஒன்று இருக்கிறது. ஒருக்களித்துக் கிடக்கும் உடலில் முதுகுத்தண்டோடு கீறி, மேல்பக்கத் தோலை வழித்து, முன்சப்பை, பின்தொடை, முதுகுக்கறி, கழுத்துக்கறி எடுத்துவிட்டு, புரட்டிப் போட்டு மறுபக்கம் அதேபோல. கடைசி விலாவுக்குப் பின்னால் கையை விட்டு உள்முதுகுக்கறியை எடுக்க வேண்டும். எந்தப் பாலினம் என்று காட்டும் உறுப்பை ஏதாவது ஒரு தொடையோடு ஒட்டியபடியே விட வேண்டும், அது சட்டம். மதுரைக்காரரின் தாத்தா கறிக்கடை வைத்திருந்தவர். கிரீலி பக்கம் ஒரு பண்ணையில் ஆடு வாங்கி, அதைத் தொங்கவிடாமல் தரையில் தார்ப்பாய்மேல் கிடத்தியே உரித்துக் காட்டினார். கத்தியை அவர் அதிகம் பயன்படுத்தவில்லை. முதல் கீறலுக்குப் பிறகு மூடிய கையின் விரல்முட்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே கொடுத்து அழுத்தி அழுத்தித் தள்ளினார். வெள்ளைச் சவ்வு கிறீச்சென்று பிரிந்து வந்தது. "கத்திய வெச்சா தோல் ஓட்டையாகும், கறியில மயிர் ஒட்டும். கைய வெச்சா ரெண்டும் இல்ல" என்றார். முன்சப்பைக்கு எலும்பு மூட்டே கிடையாது, சதைதான் பிடித்திருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். இரண்டு இழுப்பில் கையோடு வந்துவிட்டது. எல்க்கும் அதேதான், பத்துப் பங்கு பெரிது.

ஒரு விஷயத்தில்தான் அவருக்கு வருத்தம். நம் ஊர்க் கறிக்கடையில் மூளைக்கும் சுவரொட்டிக்கும் இருக்கும் கிராக்கி தெரியும். மான் இனத்தில் மூளையை அரிக்கும் நோய் ஒன்று, சி.டபிள்யூ.டி. என்பார்கள், 1967-ல் இதே கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வுக்கூடத்து மான்களில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. இன்று காட்டு எல்க்குகளிலும் இருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் மூளை, முதுகுத்தண்டு நரம்பு, கண், மண்ணீரல், நிணநீர்க் கட்டிகளைச் சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். நோய் இருந்தால் கறியையே சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். தலையைக் கொடுத்தால் காட்டுயிர்த் துறை பரிசோதித்துச் சொல்லும். அதற்காகத்தான் ஆறு சுமையில் ஒன்று தலைக்கு ஒதுக்கியது. முடிவு வரும்வரை ஃப்ரீசரில் தனியாக வைத்திருப்பது, முகாமில் ஈரல்கூட வறுப்பதில்லை என்று மூவரும் பேசி வைத்திருக்கிறோம்.

உடம்பைத் தயார் செய்வது அரிசி மூட்டையால் நடக்கிறது. சோனா மசூரி 20 பவுண்டு மூட்டையை முதலில் ஒன்று, பிறகு இரண்டு, இப்போது மூன்று என்று பேக்கில் கட்டிக்கொண்டு மலை ஏறி இறங்குகிறோம். மேனிட்டூ இன்கிளைன் படிகளுக்கும் போனோம். ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் 2,000 அடி ஏற்றம். ஆனால் ஏறுவது மூச்சைத்தான் வாங்கும்; முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். மூட்டையோடு இறங்கப் பழகாதவர் கறியோடு இறங்க முடியாது. டென்வரில் இருப்பதால் 5,280 அடிக்கு உடம்பு பழகியிருக்கிறது. என்றாலும் முதல் இரவு மலையடிவாரத்தில் தங்கி, மறுநாள்தான் முகாமுக்கு ஏறுவோம். தலைவலியும் வாந்தியும் வந்தால் கீழே இறங்குவதுதான் மருந்து.

சாப்பாடு தம்பியின் இலாகா. 10,000 அடியில் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகவே வேகாது, அரிசியும் நறுக்கென்றே நிற்கும். குக்கர் சுமக்க முடியாது. அவல், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நெய், சத்துமாவு என்று அவர் பட்டியல் போட்டபோது, மலைக்கென்றே நம் பாட்டிகள் யோசித்து வைத்தது போலிருந்தது. தண்ணீர் வடிகட்டியை இரவில் தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். உறைந்தால் உள்ளே இழை வெடித்து வீணாகிவிடும்.

துப்பாக்கிபற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. இருவரிடமும் இருப்பது .308 தோட்டா அளவு ரைஃபிள், சட்டம் கேட்பதைவிட வலுவானது. மேஜையில் சாய்த்துச் சுடுவதை நிறுத்திவிட்டு, உட்கார்ந்தும் முழங்காலிட்டும் மூச்சு வாங்க ஓடிவந்தும் பழகுகிறோம். 200 கெஜத்துக்கு மேல் இருவரும் சுடுவதில்லை. ரைஃபிள் பருவத்தில் தலையிலும் உடலிலுமாக 500 சதுர அங்குலத்துக்கு ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு கட்டாயம். வேட்டையாடாவிட்டாலும் தம்பிக்கும் முழு ஆரஞ்சு வாங்கியாகிவிட்டது. காற்றைப் பெரியவர் சொல்லிக் கொடுத்தார்: விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும், வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். எல்க் கண்ணை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது.

நண்பர்களாகப் போவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே போன பிறகு, களைப்பிலும் ஆசையிலும், எதையும் நிதானமாகப் பேச முடியாது. அதனால் இங்கேயே பேசினோம். ஒருவர் எல்க்கைச் சுட்டுவிட்டால் மற்றவரின் ரைஃபிள் அப்போதே உறைக்குள் போய்விடும். இரண்டு எல்க்கைச் சுமக்க எங்களால் முடியாது, அவர் உரிமம் வீணானாலும் பரவாயில்லை. கறி மூன்று சம பங்கு, யார் சுட்டாலும். பெரும்பனி வரும் என்று தகவல் வந்தால் வண்டிச் சக்கரச் சங்கிலியை நம்பிக்கொண்டு உட்காராமல் அன்றே கிளம்பிவிட வேண்டும். காய்ந்து நிற்கும் மரத்தின் கீழே கூடாரம் போடக் கூடாது. செயற்கைக்கோள் வழியே தினமும் இரவு வீட்டுக்கு ஒரு செய்தி. என் மனைவியிடமும் மதுரைக்காரர் வீட்டு அக்காவிடமும் எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

கடைசியாக மிச்சமிருந்தது சிவப்புக் கோடு. பெரியவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல கோடு. உங்கள் எல்க் அதற்கு நூறு கெஜம் அந்தப் பக்கம்தான் நிற்கும், அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அப்படி நின்றால்? கையில் ரைஃபிள் இருக்கிறவனால் அந்த நிமிஷத்தில் நியாயமாக யோசிக்க முடியும் என்று எங்கள் இருவருக்குமே நம்பிக்கை வரவில்லை. ஆகவே வரைபடமும் ஜி.பி.எஸ்.ஸும் தம்பியிடம் இருக்கும். அவர் சரி என்று தலையாட்டாமல் யாரும் தோட்டாவை ஏற்றக் கூடாது என்று முடிவு செய்தோம். தம்பி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து, "நான் வேண்டாம்னா வேண்டாம்தான் அண்ணா. அப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது. திரும்பி வர்ற வழியில கார்லயும் அதப் பத்திப் பேசக் கூடாது" என்றார். இருவரும் சம்மதித்து, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.